எண்பது டிகிரி அலாரம்

பிள்ளைகளே, கீழ்வேளூர் பேருந்தில் என் முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் அரிசி ஆலைக்காரர். மற்றவர் அவர் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் சூட்டைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறவர்.

“எண்பது டிகிரியில அலாரம்னு நீதானே எழுதியிருக்கே மாப்ள? மில்ல ஓட்டுற கம்ப்யூட்டர் கத்திக்கிட்டே கெடக்கு. தொண்ணூறுன்னு மாத்தி எழுது.”

“எழுதினா சூடு குறைஞ்சுடுமா அத்தான்? நூறானா கம்ப்யூட்டர் தானாவே அணைஞ்சுடும்.”

“நெல்லு ஈரமா இருந்தா அரசு கொள்முதல்ல ஈரப்பத வரம்பை ஏத்திக் குடுக்குறாங்கல்ல?”

“ஏத்தினதும் நெல்லு காஞ்சுடுச்சா? கம்ப்யூட்டர் ஃபேன்ல தவிடு அடைச்சிருக்கும். நிறுத்திட்டுத் தொடைங்க.”

“அறுவடை நேரத்துல நிறுத்துறதா? களம் பூரா நெல்லு கெடக்குடா!”

அப்போது ஆலைக்காரருக்கு ஆலையிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு மைத்துனர் பக்கம் திரும்பினார்.

“கம்ப்யூட்டர் அணைஞ்சு மில்லே நின்னுடுச்சாம். அந்த நூறையும் நூத்தம்பதுன்னு எழுதிடு மாப்ள.”