பாம்பு இடப்பக்கத்திலிருந்து வரும்

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறவன் முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். நான் ஒரு நாள்கூடக் கழுவாமல் விட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா.

தெலுங்கில் சொல்லச் சொன்னீர்கள். என் தெலுங்கு பட்டறைத் தெலுங்கு. திட்டுவதற்கும் தள்ளிப் போ என்பதற்கும்தான் ஆகும். உங்கள் தாயார் தமிழ்க்காரர் என்று வெளியே ஏட்டு சொன்னார். நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தெலுங்கில் கேளுங்கள். எழுதியதை முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டாத காகிதத்தில் நான் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை.

பெயர் சிவஞானம். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில், வார்ப்புப் பட்டறையில், கிரேனுக்குக் கொக்கி மாட்டுகிற வேலை பார்த்தேன். படிப்பு ஏதோ கொஞ்சம். சந்திரசேகரன் சார் அதே இடத்தில் ஆபீசர். கம்பெனி பஸ்ஸில் அவருக்கு முன் சீட்டு, எனக்குப் பின்னால் கம்பி. அந்தக் காலமெல்லாம் அவர் முகம் எனக்குத் தெரியும், என் முகம் அவருக்குத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பஸ் என்றால் அப்படித்தான்.

ஓய்வுக்குப் பிறகு அல்வாலில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடாக வந்து சேர்ந்தோம். அவருக்குச் சொந்த வீடு, எனக்கு வாடகை. அவர் மனைவி முன்பே காலமாகிவிட்டார். என் கனகம் இங்கே வந்த பிறகு போனாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு ஒரே மகன் அச்யுத், கனடாவில். கனகம் போன பிறகு எனக்குப் பேச்சே இல்லாமல் போயிற்று. பால்காரனிடம் ஆமாம் என்பதற்கு ஒரு ஹவ், காய்கறிக்காரனிடம் வேண்டாம் என்பதற்கு ஒரு நக்கோ, அத்தோடு ஒரு நாள் முடிந்துவிடும். சாயங்காலம் தொண்டையைச் செருமினால் வேறு யாரோ வீட்டுக்குள் இருக்கிற மாதிரி இருக்கும்.

அச்யுத் குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டுப் போனபோது, அவன் பையன் நிகில் தன் வீடியோ கேம் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டான். அங்கே புதிது வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். ஒரு நாள் சார் என் கதவைத் தட்டினார். கையில் கறுப்பாக, பொத்தான் வைத்த ஆட்டப் பிடி ஒன்று.

"ஓய் சிவஞானம், இதுல ரெண்டு பிடி இருக்கு. ஒத்தை ஆளா ஆடினா அந்தப் பாம்பைத் தாண்ட முடியலை. செத்த வாரும்."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

விளையாட்டைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. இரண்டு குள்ள மனிதர்கள். கல் விட்டுக் கல் தாவி வலப்பக்கமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கீழே நெருப்புக் குழம்பு. எங்கள் பட்டறையில் இரும்பை ஊற்றுகிறபோது இருக்கும் அதே நிறம். பாதி தூரம் போனதும் இடப்பக்கத்திலிருந்து நெருப்புப் பாம்பு எழுந்து வரும். நாம் தாவினால் தாவும், நின்றால் நிற்கும். யார் அதிகம் அசைகிறார்களோ அவர்களைத்தான் பிடிக்கும். அதனால் ஒருவன் பின்னால் நின்று குதித்துக் குதித்து அதை இழுக்க வேண்டும், மற்றவன் அதற்குள் தாண்டிவிட வேண்டும். நின்றவன் எரிந்துபோவான். ஆனால் தாண்டியவன் அந்தப் பக்கம் பத்திரமாக இறங்கியதும், எரிந்தவன் அவன் பக்கத்திலேயே மறுபடி முளைத்து நிற்பான்.

நிற்பது நான், தாண்டுவது சார். முதல் நாளே அப்படி அமைந்துவிட்டது. அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. எரிந்ததும் அவர் பக்கத்தில் போய் முளைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த விளையாட்டில் பல பாகம் உண்டு. ஒவ்வொன்றிலும் அந்தப் பாம்பு உண்டு. முதல் பாகத்தில் தணல் கோத்த கயிறு மாதிரி சின்னதாக வரும். அடுத்ததில் தலை இரண்டு. அதற்கடுத்ததில் ரயில் பெட்டி அகலம். ஒவ்வொன்றின் முடிவிலும் செத்துப்போகும். அடுத்த பாகத்தைப் போட்டால் அதுவே வந்து நிற்கும். "ஒம்ம சொந்தக்காரன் வந்துட்டான் பாரும்" என்பார் சார். நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை, அம்மா. டாக்டர், பாங்கிக்காரன், போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவன், ஒருத்தனையும் நம்பமாட்டேன். அந்தப் பாம்பு வருகிற நேரத்துக்கு வந்தது. அதை நம்பலாம்.

சாருக்குக் கண்ணில் பிரஷர். இடது கண்ணில் அதிகம். காலையும் மாலையும் இரண்டு கண்ணிலும் சொட்டு விட வேண்டும். அவருக்குக் கை நடுக்கம், சொட்டு கன்னத்தில் விழும். நான் விட ஆரம்பித்தேன். தலையை நாற்காலியின் மேல் சாய்த்துக்கொள்வார். மருந்து விழுந்ததும் முகத்தைச் சுளிப்பார். "நெருப்பை ஊத்தறீரய்யா" என்பார். அப்புறம் டீ, அப்புறம் ஆட்டம். மருந்துக் கடைக்கும் நான்தான் போனேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்யுத் வீடியோவில் பேசினான். அப்பாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ள ஏற்பாடு நடக்கிறதாம். கண் பிரஷர் அடங்கியிருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும், தசராவுக்குள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். சார் சிரித்தார். அவ்வளவு பல்லும் தெரிய அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "போறதுக்குள்ள கடைசிப் பாகத்தை முடிச்சுடணும்யா" என்றார்.

"இன்னா சார் அவசரம்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். அங்கே பனி. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன் இங்கே இருந்தபோதே தாத்தா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் ஒரு சொல் எறிவான். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருப்பார். அந்த உட்காருதல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தெரியாத ஆளைத் தெரிந்தவன்தான் தடுக்க வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினேன். தீர்ந்துபோன மருந்துக் குப்பியின் மூக்கை பிளேடு முனையால் நெம்பினால் வந்துவிடும். ஊற்றி மறுபடி அழுத்தினால் மூடிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரை ஒரு தடவைகூட ஊற்றியதில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. கடையில் வாங்கிய நல்ல மருந்தையும் கொட்டவில்லை. எல்லாம் என் வீட்டு ஃபிரிஜ் கதவில் பிரிக்காமல் வரிசையாக இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

ஒரு தடவை டாக்டர் 'பிரஷர் ஏறியிருக்கிறது' என்று சொன்னால் போதும், பயணம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் நினைத்தேன்.

முதல் நாள் சார் கண்ணைத் திறந்து சிமிட்டிப் பார்த்தார். "இன்னிக்கு எரியவே இல்லையே, ஓய்."

"பழகிப்போச்சு சார்."

"எல்லாம் பழகிடும் போல" என்று சொல்லிவிட்டுப் பிடியைக் கையில் எடுத்தார்.

டாக்டர் ஏறியிருக்கிறது என்றார். மருந்து மாற்றி எழுதினார். பயணம் தள்ளிப்போயிற்று. அச்யுத் என்னிடம் தனியாகப் பேசினான். "அங்கிள், நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியா தூங்கறேன்" என்றான். அவன் குரல் உடைந்தது. நிஜமாகத்தான் இருக்கும். புது மருந்தும் ஃபிரிஜ் கதவுக்குப் போயிற்று. தண்ணீர் தொடர்ந்தது.

அவர் பார்வை போவது எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள். பாம்பை வைத்துத்தான் தெரிந்தது. கடைசிப் பாகம். நான் இடது ஓரத்தில் நின்று குதித்துக்கொண்டிருக்கிறேன். பாம்பு எழுந்து என்னைத் தின்றுவிட்டு அவர் பின்னால் போகிறது. அவர் சாவகாசமாகக் கல்லின் மேல் நிற்கிறார்.

"சார், இடப்பக்கம்."

"எங்கேய்யா? காணோமே."

டிவியில் பாதி அந்தப் பாம்புதான் இருந்தது. "காணோமே" என்று தலையை முழுசாகத் திருப்பித் தேடினார், தெருவைக் கடக்கிறவர் மாதிரி. அதற்குள் எரிந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு நின்றபோது இரண்டு வழியும் என் முன்னால் இருந்தன. என் ஃபிரிஜ்ஜில் மருந்து, அவர் அலமாரியில் தண்ணீர். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் என் எதிரில்தான் சொல்லியிருந்தார். நான் தண்ணீரை எடுத்தேன். தெரிந்தேதான் எடுத்தேன். இதைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு நான் மாற்றிச் சொன்னேன் என்று யாரும் பேசக்கூடாது.

அதன் பிறகு அவர் நிற்கிறவர், நான் தாண்டுகிறவன் என்று ஆயிற்று. ஓரத்தில் நின்று குதிப்பதற்குக் கண் அதிகம் வேண்டாம். நான் அந்தப் பக்கம் இறங்கி, அவரை என் பக்கத்தில் முளைக்க வைப்பேன். அவர் "வந்துட்டேனா?" என்று கேட்பார். "வந்துட்டீங்க சார்" என்பேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல மாதங்கள் இருந்ததில்லை.

பிறகு டீ டம்ளர் எங்கே இருக்கிறது என்று தடவ ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கூட்டிப் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய டாக்டர் ஊரில் இல்லை, ரஞ்சனா என்று ஒரு சின்னப் பெண் பார்த்தாள். அவள் கையாலேயே சொட்டு விட்டாள். சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "எரியறதே" என்றார்.

"இந்த மருந்து எப்பவும் எரியும் தாத்தா" என்றாள் அவள்.

சார் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். அங்கே அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆட்டோவில் வரும்போது, "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"பயணம் பேசினதிலிருந்து, சார்."

மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். பிடிக்காமல் ஏற முடியாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை அதன் பிறகு ஒழுங்காக விட்டேன். ரஞ்சனா சொன்னபடி. ஒவ்வொரு தடவையும் எரிந்தது, அவர் முகம் சுளிக்கவில்லை. மறு பரிசோதனைக்கு மட்டும் கூட்டிப் போகவில்லை. அங்கே போனால் அதையும் இதையும் கேட்பார்கள். அவர் போன் என் சட்டைப் பையில் இருந்தது, அவருக்குத்தான் எண் கண்ணுக்குத் தெரியாதே. அச்யுத் கூப்பிட்டால், அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன். நான் கடைக்குப் போகும்போது அவர் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டேன். படியில் உருண்டுவிட்டால் யார் பதில் சொல்வது? சோறு பிசைந்து கொடுத்தேன். சாயங்காலம் ஆட்டத்தைப் போட்டு இரண்டு பிடியையும் நானே வைத்துக்கொண்டு, பாம்பு எங்கே வருகிறது, யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரி வரியாகச் சொல்லுவேன். அவர் சுவர் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஓய் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வயதானால் பேச்சுக் குறையும்.

அந்த ரஞ்சனாதான் மறு பரிசோதனைக்கு வரவில்லையே என்று அச்யுத்துக்குப் போன் செய்திருக்கிறாள். அவன் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறி வந்தான். நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது தாழைத் திறந்து உள்ளே நின்றிருந்தான். என்னை அடிக்கவில்லை. நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பாலை அடுப்பில் வைத்தேன்.

ஆமாம், அம்மா. சந்திரசேகரன் சாரின் இரண்டு கண்ணையும் போக்கியது நான்தான். தெரிந்து செய்தேன், கூட யாரும் இல்லை. எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள், வக்கீல் வேண்டாம். வக்கீலையும் நான் நம்புவதில்லை.

புகாரில் கையெழுத்து அச்யுத்துடையது. சார் வாயே திறக்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள். உப்பலில் அவர் தங்கியிருக்கிற சொந்தக்காரர் வீட்டில், வாசலில் யார் காலடி கேட்டாலும் காலை இரண்டையும் நாற்காலிக்கு மேலே இழுத்துக்கொண்டு, "யாரு, சிவஞானமா?" என்று கேட்கிறாராம். ராத்திரி பகல் இல்லாமல் கேட்கிறாராம். மகன் பக்கத்திலேயே இருந்தும் கேட்கிறாராம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. அவர் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.