நாலாவது மாடி

தி.நகரிலிருந்து அசோக் நகர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெயிண்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விண்கலம் ஒன்று கடலில் இறங்கும் வீடியோவை இளையவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணிக்கு இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் வேகத்துல காத்துக்குள்ள வருதாம்ணா. வெளிய நெருப்பா எரியுது. உள்ள இருந்தவங்க சிரிச்சிக்கினே எறங்குறாங்க.”

“என் தம்பி நாலாவது மாடிலேர்ந்துதான்டா வுழுந்து செத்தான்” என்றார் மூத்தவர்.

இளையவர் போனை அணைத்தார். “இன்னாண்ணா, இன்னும் அதையே நெனச்சிக்கினு...”

“கயிறு கட்டிக்கினு ஏறுறேன்னான். ரெண்டு நிமிஷ வேலை, சும்மா ஏறுடான்னு நான்தான் சொன்னேன்.”

“இது யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. அவன் பொண்டாட்டி, ‘நீங்க இருக்கீங்கன்னுதான் மாமா தைரியமா கீறேன்’னு சொல்லி வாரா வாரம் எனக்கு சோறு போடுது. இன்னிக்கு அதுகிட்ட சொல்லிடணும்னுதான் உன்னையும் கூட்டிக்கினு வந்தேன்.”

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இளையவர் எழுந்து, “வாண்ணா” என்றார்.

மூத்தவர் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். “முடியலடா” என்றார்.

பேருந்து கிளம்பியது. இளையவர் மறுபடியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.