கேள்விக்குப் பரீட்சை

இல்ல மச்சான், அடிக்கல, திட்டல, சந்தேகப்படல. நீங்க நெனைக்கிற எதுவுமே நடக்கல. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். உக்காருங்க முதல்ல. அந்தத் துணியெல்லாம் அப்படி ஓரமாத் தள்ளிட்டு உக்காருங்க. தோச்சதுதான், மடிக்கத்தான் ஆளில்ல.

உங்க தங்கச்சி உங்க வீட்டுக்கு வந்து இருபத்திரெண்டு நாளாச்சு, என்ன கேட்டாலும் வாயே தொறக்க மாட்டேங்குறான்னு சொல்றீங்க. சரி, நான் சொல்றேன். ஆனா என் வேல என்னன்னு தெரிஞ்சாத்தான் புரியும். சர்வே எடுக்குறவன் இல்ல மச்சான்! பதினாறு வருஷமா இதையே சொல்லிட்டிருக்கீங்க. வீடு வீடாப் போய் எடுக்குறவங்க வேற. அவங்க கேக்கப்போற கேள்விய முன்னாடியே நாலு பேர்கிட்டக் கேட்டுப் பாக்குறவன் நான். பதில் எனக்கு வேண்டாம். அந்தக் கேள்விய அவங்க என்னன்னு புரிஞ்சுக்கிட்டாங்க, அதுதான் வேணும். பரீட்சை மனுஷனுக்கு இல்ல, கேள்விக்கு.

சிரிக்காதீங்க. போன வருஷம் எத்தன தடவ டாக்டர்கிட்டப் போனீங்கன்னு ஒருத்தரக் கேட்டேன். அம்பதுன்னாரு. ஆளு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. எப்படி அம்பது வந்துச்சுன்னு துருவிக் கேட்டா, மருமகன் டாக்டராம், ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அங்கதான் சாப்பாடாம். இப்ப சொல்லுங்க, தப்பு அவர் மேலயா, கேள்வி மேலயா? அப்படித்தான் கேள்விய மாத்துவோம்.

இதுல ஒரு விதி இருக்கு. எதிர்ல இருக்குறவங்க என்ன சொன்னாலும் நம்ம முகத்துல காட்டக் கூடாது. ஐயோ பாவம்னு சொல்லக் கூடாது, தலையாட்டக்கூடக் கூடாது. ஆட்டினா, அடுத்த பதில நமக்குப் பிடிச்ச மாதிரி சொல்ல ஆரம்பிச்சிருவாங்க. அதனால, அப்படியா, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. இவ்வளவுதான் நாம பேசலாம். இதுல நான் கெட்டிக்காரன் மச்சான். புதுசா சேர்றவங்களுக்கு நான் பேட்டி எடுத்த டேப்பத்தான் போட்டுக் காட்டுவாங்க.

அன்னைக்கு வர வேண்டிய ஒரு அம்மா வரல. பன்னெண்டு பேரு முடிஞ்சாச்சு, பதிமூணாவதுக்கு ஆளில்ல. மறுநாள் அறிக்கை குடுக்கணும். சொந்தக்காரங்கள வெச்சுப் பண்ணக் கூடாதுதான். ஆபத்துக்குப் பாவம் இல்லன்னு உங்க தங்கச்சியக் கூப்பிட்டு இங்க உக்கார வெச்சேன். ஈரக் கையத் தொடச்சுக்கிட்டு வந்தா. சந்தோஷமா வந்தா மச்சான், என்னையும் ஒரு விஷயம் கேக்குறாரேன்னு. அத நெனச்சாத்தான் தாங்கல.

ஒன்பதாவது கேள்வி. போன ஏழு நாள்ல, வீட்டுல இருக்குறவங்ககூட எத்தன நாள் மனசு விட்டுப் பேசினீங்க? யோசிக்கவே இல்ல. சைபர்ன்னுட்டா. வீட்டுல இருக்குறவங்கன்னா யாரு? பையன் ஹாஸ்டலுக்குப் போயாச்சு. மிச்சம் நான் ஒருத்தன்தானே!

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? என்னம்மா இப்படிச் சொல்றன்னு பதறியிருப்பீங்க. கோவமாவது பட்டிருப்பீங்க. நான், அப்படியா, இந்த எண்ணுக்கு எப்படி வந்தீங்கன்னு கேட்டேன். ஆமா, வாங்க போங்கன்னுதான். விதி அது. அவளும் சொன்னா. பையன ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்த அன்னைக்கு அவன் ரூம்ல, கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில உக்காந்து அழுதுட்டிருந்தேன், நீங்க எட்டிப் பாத்துட்டு, ஆளில்லன்னு லைட்ட அணைச்சுட்டுப் போயிட்டீங்கன்னா. இன்னும் கொஞ்சம் சொல்லுங்கன்னேன். அதுக்கப்புறம் நிறையவே சொன்னா.

எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன் மச்சான், ஒரு வார்த்தை விடாம. கடைசியில, உங்க நேரத்துக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். போட்டா. முழுப் பேரும் நிதானமாப் போட்டா. மறுநாள் காலையில பையத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துட்டா.

அறிக்கையா? குடுக்காம? ஒன்பதாவது கேள்வி ஜனங்களுக்குக் குழப்பமா இருக்கு, எடுத்துரலாம்னு எழுதிட்டேன். மத்த பன்னெண்டு பேருக்கும் பளிச்சுன்னு புரிஞ்சுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம், அந்தக் கதைதான். மறுபேச்சு இல்லாம எடுத்துட்டாங்க. என் வார்த்தைக்கு அங்க அவ்வளவு மரியாதை.

அது கெடக்கட்டும். நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. அவளுக்கு அண்ணன், அவள மாதிரியேதான் யோசிப்பீங்க. அவளத் திரும்பக் கூப்பிட நான் எழுதி வெச்ச கேள்வியில சிலத உங்ககிட்டப் படிச்சுக் காட்டுறேன், கேட்டதும் மனசுல என்ன படுதோ அப்படியே சொல்லுங்க. எப்ப வர்ற? இதுல, நீ வந்துதான் ஆகணும்னு நானே முடிவு பண்ணின மாதிரி இருக்கா? ஏன் வரல? இது குத்தம் சொல்ற மாதிரி. வர்றியா இல்லயா? இதுல அந்த இல்லயாவ நானே எடுத்துக் கையில குடுக்குற மாதிரி. முப்பத்தொண்ணு எழுதிட்டேன் மச்சான், ஒண்ணும் தேறல. எனக்கு அவ இல்லாம முடியல.

என்னது? இவ்வளவு கூப்பிட்டும் வரமாட்டேன்னுட்டாளான்னா கேக்குறீங்க?

இல்லயே. கேள்வி சரியா வரட்டும்னு, நான் இன்னும் ஒரு போன்கூடப் பண்ணல.