அடைப்புக்குறிக்குள் எண் இல்லை

— எண் போடல சார். காலையில இருந்து அதைத்தான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன். அடைப்புக்குறிக்குள்ள எண் இல்ல.

— மறந்திருப்பார் மேடம். மனுஷன்தானே.

— பேனா அண்ணனா மறப்பார்? என் குறிப்புல ஒரு கால்புள்ளி இடம் மாறிப் போச்சுன்னு ஒரு வாரம் என்னை வறுத்தெடுத்தவர் சார் அவர். யார் குறிப்பு எழுதினாலும் விடைக்கு எத்தனை எழுத்துன்னு கடைசியில அடைப்புக்குறி போட்டுச் சொல்லணும்னு நம்ம குறுக்கெழுத்துக் குழுவுல சட்டம் போட்டதே அவர்தான்.

— சரி, சரி. கொஞ்சம் மெதுவா. இது ரொட்டி வண்டி. பின்னாடி இருக்கற பன்னெல்லாம் பயத்துல அமுங்கிடப் போகுது.

— உங்களால எப்படித்தான் சிரிக்க முடியுதோ.

— சிரிப்பு இல்ல மேடம், நடுக்கம். உள்ள நடுக்கம் எடுத்தா என் வாய் இப்படித்தான் எங்கயாவது போகும். இதுக்காகவே வீட்ல தெனம் வாங்கிக் கட்டிக்கறேன். நீங்க முதல்ல பெல்ட்டைப் போடுங்க. ரப்பர்னு பேரை வெச்சுக்கிட்டு குழுவுல சண்டை போடற ஆளு, ரிட்டையர் ஆன யாரோ ஒரு பெரியவர்னு நெனச்சிருந்தேன். வந்து ஏறினது சின்னப் பொண்ணு.

— பென்சில்ல எழுதி எழுதி அழிப்பேன், அதனால ரப்பர். குழுவுல உங்க பேரு ரொட்டின்னதும் நானும் ஏதோ கேலிப் பேருன்னுதான் நெனச்சேன். இடது பக்கம் திரும்புங்க.

— அந்தச் செய்தியை இன்னொரு தடவை படிங்க.

— 'கீழே விழுந்துவிட்டேன். எழ முடியவில்லை. யாராவது வரவும்.' அவ்வளவுதான். எண் இல்ல.

— இங்க பாருங்க, நேத்து அவரோட முறை. அன்னாடம் பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்தைப் போட்டு முடிச்சதும் நம்மள்ல ஒருத்தர் சொந்தமா ஒரு குறிப்பு எழுதணும். அவர் முறை அன்னிக்கு அவர்கிட்ட இருந்து ஒண்ணு வருது. அதைக் குறிப்புன்னு நெனைக்காம வேற என்னன்னு நெனைக்கறது?

— நெனச்சது மட்டுமா? முதல் ஆளா விடையும் போட்டீங்க.

— போட்டேன். 'முடியவில்லை'ன்னா முடிவு இல்ல, அதனால கடைசி எழுத்தை வெட்டு. 'வரவும்'ல கடைசி எழுத்தை வெட்டினா 'வரவு'. யாராவது வந்தா அது வரவுதானே? எவ்வளவு அழகா உக்காருது! குழுவே கை தட்டிச்சு.

— நானும் தட்டினேன். 'அண்ணே, எங்கயோ போயிட்டீங்க'ன்னு வேற எழுதினேன். ஒரு மனுஷன் தரையில கெடந்து வாங்கன்னு கூப்பிட்டிருக்கார். நாம அதை வெட்டி ஒட்டி விளையாடியிருக்கோம்.

— கூப்பிட்டிருந்தா. இன்னும் நமக்குத் தெரியாது மேடம். குறிப்பு போட்டவர் சாயங்காலம் வரைக்கும் வாயே தொறக்கக் கூடாதுங்கறதும் நம்ம சட்டம்தான். அதனாலதான் பேசாம இருந்திருப்பார்.

— சாயங்காலம் வந்தாரா?

— வரல.

— விடை சரியா தப்பான்னு சொன்னாரா?

— சொல்லல.

— இன்னிக்குக் காலையில குறுக்கெழுத்து முடிச்சேன்னு ஒரு புள்ளி வெப்பாரே, வெச்சாரா? போன் போட்டா அணைஞ்சு கெடக்கு. அப்பறம் என்ன 'கூப்பிட்டிருந்தா'?

— கோவப்படாதீங்க. அது அப்படி இருக்கக் கூடாதுன்னுதான் நான் பேசிக்கிட்டே இருக்கேன். விடை போட்ட ஆளு நானில்லியா. போலீசுக்குச் சொன்னீங்களா?

— சொல்லாம இருப்பேனா? 'யாருக்கு என்ன ஆச்சு'ன்னாங்க. பேனான்னேன். 'அவர் பேரைச் சொல்லும்மா'ன்னாங்க. தெரியாது. 'விலாசம்?' தெரியாது. 'விழுந்துட்டார்னு யார் சொன்னது?' குறிப்புல எண் இல்லன்னு சொன்னேன். வெச்சுட்டாங்க.

— நான் போலீசா இருந்தாலும் வெச்சிருப்பேன்.

— எத்தனை வருஷமா தெனம் பேசறோம்! அவர் எந்தக் கட்டத்துல ஆரம்பிப்பார், எந்த மாதிரி குறிப்புல தடுக்குவார், எல்லாம் தெரியும். பேரு தெரியாது. சொந்த விஷயம் பேசக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு சட்டம். அதுவும் அவர் போட்டதுதான்.

— பின்ன விலாசம் எப்படிப் புடிச்சீங்க?

— பேப்பர் ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்துட்டேன். போன வருஷப் போட்டியில அவர் ஜெயிச்சாரில்லியா? குறுக்கெழுத்தைப் பாத்துக்கற அம்மாகிட்ட கெஞ்சினேன், பரிசுப் புத்தகம் எங்க அனுப்புனீங்கன்னு. அதெல்லாம் சொல்லக் கூடாதும்மான்னாங்க. அங்கயே அழுதேன். அப்பறம் சொன்னாங்க. ஆம்பளை பேருதான், இந்த விலாசம்தான்.

— உங்களுக்கு அவர் மேல இவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியாது.

— கோர்ட்ல என் விவாகரத்து கேஸ் கடைசியா கூப்பிட்ட அன்னிக்கு, 'இன்னிக்குப் போட முடியாது, கோர்ட்டுல இருக்கேன்'னு குழுவுல எழுதிட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. பேனா அண்ணன் மட்டும் எனக்குத் தனியா குறிப்பா அனுப்ப ஆரம்பிச்சார். ஒண்ணு போட்டா அடுத்தது. அது முடிஞ்சா இன்னொண்ணு. எதிர்ல அவங்க வீட்டு ஜனமெல்லாம் என்னை முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, நான் குனிஞ்சு, 'தலை போன தவளை எலிக்கு வீடு, ரெண்டெழுத்து'ன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

— வளை.

— வளை. அன்னிக்கு அது இல்லன்னா நான் அங்கயே உடைஞ்சு, சரி சேந்தே இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருப்பேன். கடைசியில கேட்டார், 'வெளியே வந்தாச்சா?'ன்னு. வந்துட்டேன்னேன். 'நல்லது'ன்னு ஒரே வார்த்தை. எனக்கு அப்பா இல்ல, கூடப் பொறந்தவங்க இல்ல. அவரும் போயிட்டார்னா நான் என்ன சார் பண்ணுவேன்?

— போக மாட்டார். அழாதீங்க, எனக்கு ரோடு தெரிய மாட்டேங்குது. இதானே அந்தக் கட்டடம்? எத்தனாவது மாடி?

— மூணு. லிப்ட் வேலை செய்யலன்னு எழுதியிருக்கு, படியில வாங்க.

— ஐயோ, மூச்சு வாங்குது... இந்தக் கதவா?

— இதுதான். அண்ணே! பேனா அண்ணே! நான் ரப்பர் வந்திருக்கேன்! கதவைத் தொறங்க!

— மேடம், இருங்க. பூட்டு தொங்குது பாருங்க.

— யாரும்மா அது, இப்படி இடிக்கறது? எதிர் வீட்ல மனுஷங்க இருக்கோம்ல?

— மன்னிச்சுக்கங்கம்மா. இந்த வீட்டுக்காரரைத் தேடி வந்தோம். அவரை எப்பக் கடைசியா பாத்தீங்க?

— முந்தாநாள் பெட்டியைத் தூக்கிட்டு வேலை விஷயமா வெளியூர் போனாரு. நல்ல மனுஷன். போகும்போது 'அக்கா, யாராவது வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னு நம்பர் கூட குடுத்துட்டுத்தான் போவாரு. நீங்க யாரு தம்பி?

— நாங்க... குறுக்கெழுத்துக்காரங்க.

— அப்படின்னா என்ன கட்சி?

— கட்சி இல்லம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அவர் திரும்பி வரலியா? விழுந்துட்டதா செய்தி வந்தது.

— வெளிய பூட்டிட்டுப் போன ஆளு உள்ள எப்படிம்மா விழுவாரு? இருங்க, எதுக்கு வம்பு, அவர்கிட்டயே கேட்டுடறேன்... ஹலோ, தம்பி, எதிர் வீட்டு அக்கா பேசறேன். இங்க ரெண்டு பேரு வந்து உங்க கதவைத் தட்டிக்கிட்டிருக்காங்க... ஒரு ஆணு, ஒரு பொண்ணு... யாரோ விழுந்துட்டாங்கன்னு சொல்றாங்க... அப்படியா... சரி... சரி தம்பி, சொல்லிடறேன்.

— என்னம்மா சொன்னார்?

— அவருக்கு ஒண்ணும் இல்லியாம், கல்லு மாதிரி இருக்காராம். வீட்ல யாரும் இல்லியாம், சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போயிருக்காம். ஊருக்குள்ள வந்துட்டாராம், இப்ப வந்துடுவாராம். அதுவரைக்கும் கதவை யாரும் தொட வேணாம்னாரு.

— அப்பாடா! மேடம், கேட்டீங்களா? கல்லு மாதிரி இருக்காராம்! போன் ஏதோ அணைஞ்சு போச்சு, அவ்வளவுதான். எண் போட மறந்துட்டார், அவ்வளவுதான்! வரவு சரியான விடை! ஐயோ, எனக்கு இப்பத்தான் உயிரே வந்துச்சு. உக்காருங்க, இந்தப் படியிலயே உக்காருங்க. வரட்டும், அவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நாலு வார்த்தை நல்லா திட்டிட்டுப் போவோம்.

— அவர் போன் அணைஞ்சிருக்கே. இவங்க யார்கிட்ட பேசினாங்க?

— வேற நம்பரா இருக்கும். ரெண்டு போன் வெச்சிருக்கறவங்க இல்லியா?

— இருக்கலாம். சார், இந்தப் பேப்பர் இன்னிக்குள்ளது.

— ஆமா, கதவுக்கடியில சொருகியிருக்கு. அதுக்கென்ன?

— ஏம்மா, முந்தாநாள் ஊருக்குப் போனார்னா நேத்துப் பேப்பர் எங்க?

— நேத்தும் பையன் வந்து கதவுக்கடியில தள்ளிட்டுத்தான் போனான். மொத்தமா உள்ள போயிருக்கும். இதெல்லாம் எனக்கென்ன தெரியும், என்னமோ போங்க.

— இதை நானும் தள்ளி விடறேன், வெளிய கெடந்து மிதிபட வேணாம்... சார்.

— என்ன?

— சார், இங்க பாருங்க. நான் கையை எடுத்துட்டேன்.

— பேப்பர் நகருது.

— உள்ள இருந்து இழுக்கறாங்க. அண்ணே! பேனா அண்ணே! உள்ள இருக்கீங்களா?

— கத்தாதீங்க.

— பொம்பளைக் குரல் சார்!

— மெதுவா பேசுங்க. நீங்க ரப்பரா?

— ஆமா, ரப்பர்தான். நீங்க யாரு? பேனா அண்ணன் எங்க?

— அண்ணன் யாரும் இல்லம்மா. நான்தான் பேனா.

— நீங்களா? போட்டியில ஆம்பளை பேரு இருந்ததே!

— அவர் பேர்லதான் பேப்பர் வருது. அவர் பேர்லயே அனுப்பினேன். நீங்கல்லாம் அண்ணன்னு கூப்பிட்டீங்க, நல்லா இருந்தது, அப்படியே விட்டுட்டேன்.

— அந்தம்மாவா? அம்மா வீட்டுக்குப் போயிருக்குன்னு இப்பத்தானே அந்தத் தம்பி சொல்லிச்சு? என்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?

— உங்களுக்கு என்ன ஆச்சு? அடிபட்டிருக்கா?

— குளிக்கற ரூம்ல வழுக்கிட்டேன். இடுப்புக்குக் கீழ அசைக்க முடியல. உங்களுக்கு எழுதினதும் போன் கை நழுவிப் போச்சு. தவழ்ந்து போய் எடுத்துப் பாத்தா எல்லாரும் விடை போட்டிருந்தீங்க. மறுபடி எழுதறதுக்குள்ள அணைஞ்சு போச்சு. அங்கயிருந்து கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டு இந்தக் கதவு வரைக்கும் வந்துட்டேன்.

— அம்மா, நான் ரொட்டி. அந்த விடையைப் போட்ட பாவி நான்தான். என்னை மன்னிச்சிடுங்க. மன்னிச்சிடுங்கம்மா.

— வரவு நல்லாத்தான் இருந்தது, ரொட்டி. வலியிலயும் சிரிப்பு வந்துடுச்சு.

— என்னை அழ வெக்காதீங்க. கீழ வண்டியில டயர் கழட்டற கம்பி இருக்கு, எடுத்துட்டு ஓடி வரேன். இந்தப் பூட்டு ஒரு அடிக்குத் தாங்காது. மேடம், நீங்க ஆம்புலன்சுக்குப் போடுங்க.

— போட்டுட்டேன், ரிங் போகுது. அண்ணே... அக்கா, பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரருக்கும் சொல்லியாச்சு. ஊருக்குள்ள வந்துட்டாராம், இப்ப வந்துடுவார்.

— அவருக்கு யார் சொன்னது?

— நான்தாம்மா சொன்னேன். ஒரு நல்லதுக்குத்தான் சொன்னேன்.

— கம்பி எடுத்துட்டு வந்துட்டேன்! தள்ளிக்கங்க எல்லாரும். அம்மா, கதவை விட்டு முகத்தைத் திருப்பிக்கங்க. ஒரே அடி.

— உடைக்காதீங்க. என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போனதே அவர்தான். கதவுக்கடியில கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்திட்டு, அவர் வர்றதுக்குள்ள எல்லாரும் போயிடுங்க. மாடியேறி வந்ததும் அவர் முதல்ல பூட்டைத்தான் தொட்டுப் பாப்பார்.