குதிரைக்கு மாட்டு லாடம்

“அலோ... ஆமா, அக்காதான் பேசுதேன்... ஆமா, ஆமா... மொதல்ல மூச்சு விட்டுட்டுச் சொல்லுலே.”

டிரங்கால் என்று ஆள் வந்து சொன்னதும், அருணாசலவடிவு போட்டது போட்டபடி ஏரல் தபாலாபீசுக்கு ஓடி வந்திருந்தாள். கூப்பிட்டவன் தூத்துக்குடியில் இருக்கும் தம்பி சங்கரபாண்டியன். உப்பளத்தில் நாலு காசு பார்த்ததும் சவாரிக் குதிரை வாங்கிய மகராசன். உப்பு வண்டி மாடுகளுக்கு லாடம் அடிக்க ஆள் வேண்டும் என்று அவன் கேட்டதால்தான், ஊர் லாடக்காரர் மாடக்கண்ணுவை நேற்றுக் காலை பஸ் ஏற்றி விட்டாள். பொழுது சாயத் திரும்பிவிடுவார் என்று அவர் பெண்டாட்டி சந்தனமாரியிடம் வாக்கும் கொடுத்திருந்தாள். ஆள் இன்னும் வந்தபாடில்லை.

“குதிரை நொண்டுதா?... குதிரைய அவரு எதுக்குத் தொட்டாரு?... சரி... சரி... குதிரைக்கு லாடம் அடிக்க வருவானே மதுரைக்காரன், அவனுக்கு என்ன கேடு?... மாசாமாசம் வாரானா... ரயில் சார்ஜ், ரூம் வாடகை, பிரியாணி... உப்புத் தண்ணி ஆணிய அரிச்சா அவன் என்ன செய்வான்? உப்பள வரப்புல குதிரையில போகச் சொல்லி எந்த டாக்டர் எழுதிக் குடுத்தான்? சைக்கிள்ல போனா உப்பு வெளையாதோ?”

குதிரை வாங்கத் துட்டு இருந்தது, அதன் காலுக்குச் செலவழிக்கத்தான் மனசில்லை. இவன் அந்த ரகம் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

“கயித்தப் போட்டுக் கீழ தள்ளியா?... மாட்டத் தள்ளுத மாதிரி?... ஏலே, மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும், ரெண்டு துண்டா அடிப்பாவ. குதிரைக்கு ஒத்தக் குளம்புல்லா... அவரு வேண்டாம்னு சொல்லலையா?... சொன்னாரு... ம்... ‘ரெண்டுக்கும் நாலு காலுதானே, அடி’ன்னு நீ சொன்னியாக்கும்.”

போஸ்ட் மாஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அவரு லாடப் பையப் பிடுங்கி வச்சிருக்கியா?... சுத்தி, குறடு எல்லாமா... குதிரைக்கு டாக்டர் செலவ அவரு குடுத்தாத்தான் பை கெடைக்குமோ? அறுப்பு முடிஞ்சு ஊர் மாடு அம்புட்டும் அவருக்காக நிக்குதுலே. குறடு இல்லாம அந்தக் குடும்பம் என்னத்தத் திங்கும்?... நீ பேசாத. போன அவர்ட்ட குடு... குடுன்னா குடு.”

அவள் குரல் தணிந்தது.

“மாடக்கண்ணு... அழாதீரும்... ஆணிய எல்லாம் நீரே பிடுங்கிட்டீரா... மஞ்சப் பத்துப் போட்டுக் காலு ஊனுதா... அடப்பாவி, இத அவன் சொல்லவே இல்லையே... சரி, அவன்ட்ட குடும்.”

மூன்று நிமிடம் முடிந்தது என்றாள் எக்ஸ்சேஞ்சுக்காரி. “இன்னும் மூணு நிமிஷம் போடும்மா, துட்டு அவந்தான் கட்டணும்... ஏலே, பையக் குடுத்து அனுப்பி வையி... என்னது?... குதிரை அவரத் தவிர வேற யாரையும் கிட்ட விடலையா? அப்ப அவர்ட்டயே கேளு. ‘தப்பு எம்மேலதான் அண்ணாச்சி, ரெண்டு நாள் இருந்து பாருங்க’ன்னு சொல்லு... வெக்கமா இருக்கோ?... சொல்லு, நான் கேட்டுட்டுத்தான் வைப்பேன்... காதுல விழலை... இன்னும் சத்தமா... ம். மொதல்ல பைய அவரு கையில குடு. போனையும் குடு.”

அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

“என்ன செய்யப் போறீரு மாடக்கண்ணு, வாரீரா, இருக்கீரா?... ம்... சரி. குதிரைக்காக இரும், அவனுக்காக வேண்டாம். சந்தனமாரிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

தம்பி ரிசீவரை வாங்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் வைத்துவிட்டாள்.