நாணல்திட்டில் உப்புக் கோடு

உங்கள் ஸ்டேஷன் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். லேசாகத் துவர்க்கிறது, அது பழைய குழாயில் இரும்பு கரைவதால் வருவது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என் வழக்கம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் நான் வாய் வைக்காத கைபம்பு கிடையாது. “ஊர்த் தண்ணியெல்லாம் குடிச்சிட்டு வந்து வூட்டுத் தண்ணிய குத்தம் சொல்றீங்க” என்று என் மனைவி கனிமொழி சண்டைக்கு வருவாள். அவள் சமையலை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞானசேகரன் என்ற பெயரைச் சொன்னால் எங்கள் வட்டாரத்தில் நிலத்தடி நீர்க்காரர்களுக்குத் தெரியும். ஆயிரம் அடி போர் விவகாரமெல்லாம் வேறு ஆட்களுடையது. மேலாக ஐம்பது அடிக்குள் எங்கே மணல், எங்கே களி, எந்த மணலில் நல்ல தண்ணீர், எதில் உப்பு என்று நிறம் பிரித்து மேப் போடுவதுதான் என் வேலை. நீலம் என்றால் நல்ல தண்ணீர். சிவப்பு என்றால் உப்பு. நான் நீலம் பூசிய இடத்தில் கிணறு வரும். சிவப்பு பூசிய இடத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிறம் பூசுகிறவன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அதனால்தான் சொல்கிறேன்.

முறையைக் கொஞ்சம் விளக்குகிறேன், பிறகு உங்களுக்கே உதவும். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே வரிசையில் மண்ணில் அடித்து, பாட்டரியிலிருந்து கரண்டு விடுவோம். உப்புத் தண்ணீர் கரண்டைச் சுலபமாக விட்டுவிடும். நல்ல தண்ணீர் ஊறிய மணல் தடுக்கும். இதில் வம்பு செய்வது களிமண்தான். அது உப்புத் தண்ணீர் மாதிரியே நடிக்கும். அதனால் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கைபம்பில் ஒரு வாய் குடித்துப் பார்த்து முடிவு செய்வது என் பழக்கம். மெஷினை விட நாக்கை நம்புகிற ஆள் நான்.

அப்படி நான் வரைந்ததுதான் கடலோரத்து உப்புக் கோடு, நல்ல தண்ணீர் முடிந்து உப்பு ஆரம்பிக்கிற எல்லை. வடக்கே ஆரம்பித்து, பரங்கிப்பேட்டைப் பக்கம் லேசாக உள்ளே வளைந்து, மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பும். கடலூரில் அதைத் திரையில் போட்டுக் காட்டியபோது அரங்கமே கைதட்டியது. கை நடுங்காமல் போட்ட கோலம் போல இருக்கிறது என்று ஒரு பெரிய அதிகாரி சொன்னார். அன்று சாயங்காலம் நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தக் கோட்டுக்குள் சிக்கிய ஊர் நாணல்திட்டு. கிழக்குத் தெருவில் இருப்பவர்கள் குடிதண்ணீருக்கு வாய்க்காலைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகிறார்கள். மழைக்காலத்தில் வாய்க்காலில் இறங்கிப் போக வேண்டும். குடத்தோடு ஒரு பெண் அதில் அடித்துச் செல்லப்பட்டதும் உண்டு. அந்தத் தெருவின் மகளிர் குழுத் தலைவி ஜெயராணி என்னை எங்கே பார்த்தாலும் விட மாட்டாள். “எங்க தெருவுக்கு ஒரு கெணறு வந்துட்டா போதும் சார், வேற எதையும் கேக்க மாட்டோம்” என்பாள். நல்ல பெண். மோர் கொடுத்துவிட்டுத்தான் கேட்பாள். ஆனால் அவர்கள் ஊர்க் கைபம்புத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. நான் சிவப்பு பூசினேன்.

இனி உத்திராபதி. அண்ணாகிராமம் பக்கத்துப் பையன், ஜியாலஜி படித்துவிட்டு எனக்கு உதவியாக வந்தவன். நன்றாகப் பாடுவான், என்னைப் போலவே நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பான், எனக்கே சிரிப்பு வரும். அவனிடம் ஒரு குறை. வெயில் ஏறினால் கம்பி அடிக்காமல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு மனத்துக்குத் தோன்றிய எண்களை எழுதிவிடுவான். ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்தேன். காதைப் பிடித்துக்கொண்டு, “இனிமே இல்ல சார், சாமி சத்தியமா” என்றான். மன்னித்துவிட்டேன். ஆனால் ஒருமுறை பொய் எண் எழுதியவனை மறுபடி எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

போன வருஷம் ஆனி மாதம், மேப் அச்சுக்குப் போகிற சமயம். உத்திராபதி புது ரீடிங்குகளோடு வந்து நின்றான். நாணல்திட்டுக் கிழக்குத் தெருவுக்குக் கீழே பழைய ஆறு ஒன்று புதைந்து கிடக்கிறது, மேலே எட்டடிக்குக் களி, அதன் கீழே மணல், மணலில் நல்ல தண்ணீர் என்றான். களிதான் நம்மை ஏமாற்றிவிட்டதாம். கைபம்பு வேறு தெருவில், ஆற்று மணலுக்கு வெளியே இருக்கிறதாம். அவன் சொன்னபடி கேட்டால் என் கோட்டின் நடுவில் ஒரு நீல விரல் புகுந்து கடல் வரைக்கும் போகும். கோடு மொத்தமும் மாறும். மோருக்கு மயங்கிவிட்டான் என்று நினைத்தேன். பொய் எண்ணை நம்பிக் கிணறு வெட்டி, உப்பு வந்து, ஏழைகள் ஏமாந்து நிற்பதை என்னால் சகிக்க முடியாது. அந்த அக்கறையில்தான் எல்லாமே தொடங்கியது.

அவன் விடவில்லை. ஜெயராணியின் ஆட்களைக் கொண்டு ஒரு சோதனைக் குழி தோண்ட வைத்தான். எட்டடி போனது. எல்லாம் களி. அதோடு தெருவே சிதம்பரத்துக்கு ஆனித் தேர் பார்க்கக் கிளம்பிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் என் பைக்கில் போய்ப் பார்த்தோம். உச்சி வெயில், ஊரில் நாய்கூட இல்லை. “பாத்தியா, களி. மூடிட்டுக் கெளம்பு” என்றேன். அவன் ஏணி வைத்து இறங்கிவிட்டான். “இன்னும் ஒரு அடி சார். ஒரே ஒரு அடி” என்று மண்வெட்டியைப் போட ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை என்று மனைவி மங்கலம் புகார் கொடுத்தது உங்களிடம் இருக்கும். போன் கடைசியாகத் தேர் வீதியில் இருந்ததாகக் கண்டுபிடித்தார்கள். அது சரிதான், அவன் என் பைக் பையில் வைத்துவிட்டுப் போன போனை அன்று சாயங்காலம் நான்தான் அந்தக் கூட்டத்தில் நழுவவிட்டேன். வெளிநாட்டு வேலை என்று பேசிக்கொண்டிருந்தவன், எங்காவது போயிருப்பான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மங்கலம் என்னை வந்து பார்ப்பாள். வரும்போது ஊரிலிருந்து பலாப்பழம் கொண்டுவருவாள். “உங்கள அப்பா மாதிரின்னு சொல்லுவாரு சார், உங்ககிட்ட கூடவா ஒரு வார்த்த சொல்லல” என்று அழுவாள். எனக்கும் கண் கலங்கிவிடும். பொய்க் கண்ணீர் இல்லை சார், அவன் போனதில் எனக்கும் வருத்தம்தான். பழம் அப்படி ஒரு இனிப்பு, பண்ருட்டிப் பக்கத்து மண் வாகு.

குழியை மூடியது நான்தான் என்று மறுநாளே ஜெயராணியிடம் சொல்லிவிட்டேன். சோதனைக் குழியைத் திறந்து போட்டுவிட்டு வரக் கூடாது, ஆடு மாடு விழும். அது எங்கள் வேலையில் ஒரு ஒழுக்கம். எங்களுக்காக வெயிலில் கஷ்டப்பட்டீர்களே என்று அவள் மோர் கொடுத்தாள். உப்புத்தான் அம்மா, மனசை விட்டுடுங்க என்றேன். மேப்பும் சிவப்பாகவே அச்சாகி வந்தது. அழகான மேப். என் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

இந்தக் கோடையில் அந்தத் தெருப் பெண்கள் அதே இடத்தைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் உதவ வேண்டாம், நாங்களே வெட்டிக்கொள்கிறோம் என்று. நேற்று மதியம் கேள்விப்பட்டு ஓடினேன். ஏழடி போயிருந்தது. குழிக்குள்ளிருந்து ஜெயராணி தலையை நிமிர்த்திச் சிரித்தாள். மேப்பை விரித்துக் காட்டினேன். இது வீண் வேலை, எல்லாம் உப்பு என்றேன்.

“மேப்புல செவப்பா இருந்தா எங்களுக்குத் தாகம் எடுக்காதா சார்?” என்றாள். பிறகு அவளே சொன்னாள், “அந்த உத்திராபதி சார் காணாமப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. ஒம்போதாவது அடியில தண்ணி நிக்குதுக்கா, பெரியவரு ஒத்துக்கலன்னாலும் வுடாதீங்கன்னாரு. வெயிலு ஜாஸ்தியா இருக்கு சார், இன்னிக்கி இது போதும். நாளைக்கி மதியத்துக்குள்ள முடிச்சிருவோம்.”

அவர்களோடு உட்கார்ந்து கூழ் குடித்துவிட்டு வந்தேன். காலையில் முதல் பஸ் பிடித்து இங்கே வந்துவிட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன், அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். உடனே ஆள் அனுப்பி எட்டடியில் தோண்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மீதியை உங்கள் ஆட்கள் எடுக்கட்டும். அந்தப் பெண்கள் பார்த்தால் பயந்துவிடுவார்கள். அப்புறம் யாராவது அந்த இடம் ஆகாது, தீட்டு என்று கிளப்புவார்கள். அதைக் கேட்க வேண்டாம். அங்கிருந்து கிழக்கே கொஞ்சம் தள்ளி வெட்டினாலும் அதே தண்ணீர்தான். நல்ல தண்ணீர். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவன் தோண்டிக்கொண்டே பேசினான். மேப் தப்பு சார், தப்பை அச்சடித்துவிட்டால் அப்புறம் யாரும் மாற்ற மாட்டார்கள் சார் என்றான். எனக்குக் கோபம் வந்தது. குழியின் விளிம்பில் நின்று காலை ஓங்கி மிதித்தேன். என் எடையைப் பார்க்கிறீர்கள். கரை சரிந்து, குனிந்திருந்தவன் குப்புற விழ, படுத்த வாக்கிலேயே இடுப்பு வரை மண் மூடியது. அதை விபத்து என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்க மாட்டேன். நானே ஏணியில் இறங்கினேன், அவனைத் தூக்கிவிடத்தான்.

அவன் வலியில் முனகவில்லை. முன்னால் மண்வெட்டி இறங்கிய இடத்தைக் காட்டினான். வெள்ளை மணல் தெரிந்தது. அதிலிருந்து தண்ணீர் மெல்ல ஊறி நின்றது. அவன் கையால் அள்ளிக் குடித்தான். “இனிக்குது சார்” என்று சின்னப் பையன் மாதிரி சிரித்தான். இன்னொரு கை அள்ளி என்னிடம் நீட்டினான். அவன் உள்ளங்கையிலிருந்துதான் குடித்தேன். துளி உப்பு இல்லை. அந்தக் கடலோரம் முழுக்க நான் குடித்ததில் அதுதான் நல்ல தண்ணீர். அந்த நிமிஷத்திலிருந்து நான் அவனைச் சந்தேகப்பட்டதே இல்லை.

“கால் மாட்டிக்கிச்சு சார். மேப்ப நாளைக்கி மாத்திக்கலாம், மொதல்ல கையக் குடுங்க” என்றான்.

நான் ஏணியில் ஏறி வந்து, ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். மண் குவியல் பக்கத்திலேயே இருந்தது. அவன் கொஞ்ச நேரம் சார் சார் என்று கூப்பிட்டான், பிறகு மங்கலத்தைக் கூப்பிட்டான், பிறகு கூப்பிடவில்லை. குழியை மட்டமாக மூடி மிதித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவன் மேப் என்ற வார்த்தையை மட்டும் எடுக்காமல் இருந்திருந்தால் கட்டாயம் கை கொடுத்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், சார்.