பதினேழாவது கை

— பதினேழு கத்தியா? ஒரே ஆளுக்கா?

— பதினேழு கத்திய வச்சு நான் ஒருத்தி என்ன அண்ணாச்சி செய்யப் போறேன்? நாங்க பதினேழு பேரு, ஆளுக்கு ஒண்ணு. எல்லாம் பொம்பளையாளுக. நர்சரியில மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டுறோம்.

— இருக்கட்டும். பொம்பளையாளுக பதினேழு பேரும் மடக்குக் கத்திய இடுப்புல சொருகிக்கிட்டு எங்க கெளம்புதீக?

— கன்னு சீவத்தான். நர்சரி மொதலாளி ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தாரு. சும்மா சொல்லக்கூடாது, பாக்க அம்புட்டு அழகு. ஒரே மாசத்துல பிடி ஆடிப்போச்சு. இப்ப பாதிப் பேரு சவர பிளேட வச்சுச் சீவுறோம். இந்தா, என் பெருவிரலப் பாருங்க. நாலு தையல்.

— விரலு சரிதான். ஆளு சரியான்னுதான் பாக்குதேன். பேரு?

— செல்லக்கனி.

— ஊரு?

— சோழபுரம்.

— போன் நம்பரு?

— அண்ணாச்சி, நான் கத்தி செய்யச் சொல்ல வந்தேனா, ரேஷன் கார்டுக்கு எழுதிக் குடுக்க வந்தேனா?

— நோட்டுல எழுதாம இந்தப் பட்டறையில ஒரு ஆணி கூட அடிக்கிறதில்ல. இத்தன பேரு சேந்து ஒரே மாதிரி கத்தி கேட்டா ஊரு என்ன பேசும்? நாளைக்கு எங்கனயாவது ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, 'சங்கையா பட்டறைக் கத்தி'ங்கிற பேச்சுதான் மொதல்ல வரும். ராஜபாளையத்துல முப்பத்திரெண்டு வருசமா உலை வச்சிருக்கேன், ஒரு தடவ ஸ்டேஷன் படி ஏறினதில்ல. எனக்குப் பொய் பேச வராது தாயி. போலீசு கேட்டாலும் சரி, பெத்த மகன் கேட்டாலும் சரி, உள்ளத அப்படியே உளறிருவேன். அதான் ஆளப் பாத்து வேலை வாங்குதேன்.

— நல்ல கொணம்தான். நோட்டுல பொறவு எழுதிக்கலாம், மொதல்ல மாதிரியக் காட்டுங்க.

— மூணு மாதிரி இருக்கு. இது வேப்பிலை. அலகு வளைஞ்சு முனை கூரா இருக்கும்.

— ஆடு மேய்க்கிறவுக கையில பாத்திருக்கேன்.

— இது கிளிமூக்கு. கொக்கி கணக்கா உள்ள வளையும், வாழைத் தோட்டக்காரங்க வாங்குவாங்க. இது மொட்டை மூக்கு. அலகு நேரா ஓடி நின்னுரும், முனையே கெடையாது.

— மொட்டை மூக்குதான் வேணும்.

— கையில தொட்டுக்கூடப் பாக்கல. அதுக்குள்ளயா?

— நாங்க என்ன, ஆளக் குத்தவா போறோம், முனை வேணும்ங்கிறதுக்கு? மூணு நாளா குழுவுல இதே சண்டை அண்ணாச்சி. மாரியாத்தாள் வேப்பிலைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. வெள்ளத்தாய்க்கு வீட்டுல நாலு வாழை நிக்கிது, அவளுக்குக் கிளிமூக்கு. கடைசியில வாட்ஸப்புல ஓட்டுப் போட்டோம். பதினொரு ஓட்டுல மொட்டை மூக்கு செயிச்சுருச்சு. ஒரு பக்கம் மட்டும் சாணை புடிங்க, மறுபக்கம் தட்டையாவே இருக்கட்டும். அப்பத்தான் சீவின இடம் பலகை மாதிரி வரும், ஒட்டு புடிக்கும். அப்புறம் அலகு ஆடாம இருக்க, உள்ள பித்தளை வாஷர் வச்சு ஆணி அடிச்சிருங்க.

— என்ன சொன்னீக?

— ஒரு பக்கம் சாணை...

— அதுக்குப் பொறவு சொன்னது.

— பித்தளை வாஷர்.

— யாரு சொன்னா உங்களுக்கு?

— எல்லாப் பட்டறையிலயும் வைக்கிறதுதானே?

— ஒருத்தனும் வைக்க மாட்டான். இந்த வட்டாரத்துல நான் ஒருத்தன்தான் வைக்கேன். அது வெளிய தெரியாது தாயி. ஆணிய அறுத்துக் கத்தியப் பிரிச்சாத்தான் தெரியும். மாங்கன்னு சீவுற பொம்பளைக்கு அது எப்படித் தெரிஞ்சுது?

— பழைய கத்தி ஒண்ணு உடைஞ்சு கெடந்துச்சு. அதுல பாத்தோம்.

— யாரோட கத்தி?

— எங்க கூட வேலை பாக்கிற ஒருத்தியோடது.

— எங்க அது?

— கொண்டாரல.

— இருக்கட்டும். அந்தப் பையில ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை பேரு போட்டிருக்கே.

— ஏன், சோழபுரத்துக்காரி ஸ்ரீவில்லிபுத்தூர்ல சேலை எடுக்கக் கூடாதா?

— எடுக்கலாம். கைப்பர்சுல சொருகியிருக்கிற டிக்கெட்டு இன்னைக்கு உள்ளது. அதுலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்னுதான் இருக்கு. சோழபுரம் ஒரு தெசை, அது ஒரு தெசை. நீங்க எப்படி வந்தீக?

— உங்க கண்ணுல மண்ணத் தூவ முடியாது போல. சரி, சோழபுரம் இல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் மாறி வந்தேன். போதுமா?

— போதாது. வார வழியில பட்டறை இல்லையா? அத்தனையும் தாண்டி பஸ் ஏறி என்னத் தேடி எதுக்கு வந்தீக? ஊர மாத்திச் சொன்னது எதுக்கு? நேர் வழியில வந்தவுக ஊர மறைக்க மாட்டாக.

— நானும் ஒண்ணு கேக்கவா? வந்ததுல இருந்து பாக்கிறேன். கத்தியப் பத்தி நாலு வார்த்தைன்னா ஊரப் பத்தி நாப்பது வார்த்தை கேக்கிறீக. எங்க ஊரு உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?

— நோட்டுக்கு.

— அந்த நோட்ட யாரு வாசிக்கிறா?

— என் மகன் வல்லரசுதான். மார்க்கெட்டுல லோடு ஏத்துதான். வேலை முடிஞ்சு வந்ததும் பக்கம் பக்கமா வாசிப்பான்.

— அப்ப நோட்டும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். நான் வாரேன்.

— நில்லுங்க. என் மகன் பேரக் கேட்டதும் எதுக்கு எந்திரிக்கீக?

— பஸ்சுக்கு நேரமாச்சு.

— பஸ்சு நிமிசத்துக்கு ஒண்ணு போகுது. செத்த உக்காருங்க. கை கொண்டாந்தீகளா?

— எந்தக் கை?

— தெரியாத மாதிரி கேக்காதீக. வாஷர் வரைக்கும் தெரிஞ்சவுகளுக்கு இதுவா தெரியாது? என்கிட்ட கத்தி கேக்கிறவங்க, கத்தி புடிக்கிற கையத் தாள்ல வச்சுக் கோடு போட்டுக் கொண்டாரணும். அந்த அளவுக்குத்தான் பிடி கடைவேன். பைக்குள்ள சுருட்டி வச்சிருக்கிறது அதுதானே?

— அதுதான்.

— காட்டுங்க. கையப் பாத்தா எனக்கு ஆளு தெரியும். நெசமாவே உழைக்கிற கையின்னா, நோட்டு இல்லாமயே செஞ்சு தாரேன்.

— நெசமாவா?

— பொய் பேச வராதுன்னு இப்பத்தானே சொன்னேன்.

— ...இந்தாங்க. எண்ணிக்கோங்க, பதினேழு தாளு.

— இது யாரு?

— மாரியாத்தாள்.

— அகலக் கை. இவிய உர மூட்டை தூக்குவாகளே?

— தூக்குவா. ஆம்பளைக்குச் சமமா தூக்குவா.

— இதுல ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்ல.

— வெள்ளத்தாய். முன்னால மில்லு வேலைக்குப் போனா. அங்க மிசின்ல போயிருச்சு.

— ம். இது உங்க கை. பெருவிரல்ல தையல் மேடு தெரியுது. நீங்க ஒட்டுக் கட்டுறவுகதான், அதுல சந்தேகமில்ல.

— அப்பாடா! ஒரு உண்மையாவது ஏறுச்சே.

— கோடெல்லாம் ஏன் கோழி கிண்டினாப்புல கெடக்கு?

— சோத்துக்கைய வரையணும்னா பென்சில பீச்சாங்கையிலதானே புடிக்கணும்? எல்லாருக்கும் நடுங்கிருச்சு. ஒரே சிரிப்பு அன்னைக்கு.

— பதினாறு தாளுல நடுங்கியிருக்கு. இது ஒண்ணு நடுங்கல. ஒரே இழுப்புல, நூல் புடிச்ச மாதிரி போயிருக்கு.

— அது... அவ நல்லா கோலம் போடுவா.

— எந்தக் கையால போடுவா?

— குடுங்க அண்ணாச்சி அந்தத் தாள.

— இழுக்காதீக, கிழிஞ்சிரும். இது இடக்கைக்காரி வரைஞ்சது. கத்தி புடிக்கிற கைய வரையுங்கன்னா இடக்கையத்தானே இவ வரையணும்? வலக்கைய எதுக்கு வரைஞ்சா? நீங்க வரையச் சொல்லியிருக்கீக.

— எல்லாரும் ஒரே கைன்னு இருக்கட்டுமேன்னு...

— இல்ல. இடக்கைய மறைக்கச் சொல்லியிருக்கீக. அந்தக் கையில சுண்டுவிரலு கோணலா இருக்கும். பதினோரு வயசுல, இந்தா இந்தப் பட்டடைக் கல்லு மேலதான், சம்மட்டி நழுவி விழுந்துச்சு. தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது நான். வாஷர் போட்டு ஆணி அடிக்கிறத பக்கத்துல உக்காந்து பாத்தவ, வல்லரச விட்டா உலகத்துலயே என் மக பாண்டீஸ்வரி ஒருத்திதான்.

— எனக்கு அப்படி யாரையும் தெரியாது.

— அப்ப இந்தத் தாள எதுக்கு இழுத்தீக தாயி?

— இழுக்கத்தான் செய்வேன்! தெரிஞ்சு என்ன செய்யப் போறீக? அவளாத் தேடிக் கட்டினவனோட எங்கனயோ பொழைச்சுக் கெடக்கா. உங்க மகன் நர்சரி நர்சரியா போட்டோவ நீட்டிக்கிட்டு வந்தாரு. ஒருத்தியாவது வாயத் தொறந்தோமா? 'கண்ட எடத்துல வெட்டிப் போடுவேன்'னு போன்ல பேசி அனுப்பினாரே, அந்தச் சத்தத்த அவ இன்னும் அழிக்கல. எங்களுக்குப் போட்டுக் காட்டினா. பதினாறு பேரும் கேட்டோம். ஆண்டவர் சத்தியமா, நாங்க உசுரோட இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஊரு கிடைக்காது.

— நான் கேக்கலயே.

— வந்ததுல இருந்து அதத்தானே கேட்டீக! நீங்களும் அவ போன அன்னைக்கு 'எனக்கு மகளே இல்ல'ன்னு சொன்னவருதானே?

— சொன்னேன். பக்கத்துல வல்லரசு அருவாளத் தீட்டிக்கிட்டு இருந்தான். வேற என்ன சொல்லச் சொல்லுதீக? என் வாயில வந்த ஒரே பொய்யி அதுதான். மூணு வருசமா அது நெஞ்சுல கெடந்து அறுக்குது.

— அப்ப இந்த நோட்டு?

— மடக்குக் கத்திக்கு நோட்டு வைக்கணும்னு என்கிட்ட எந்தப் போலீசும் சொல்லல தாயி. அது என் மகன் போட்ட நோட்டு. வாரவுக போறவுக ஊரெல்லாம் எழுதணும், என்னைக்காவது ஒரு நாளு துப்பு கிடைக்கும்னு அவன் கணக்கு. நான் கேக்காம விட்டேன்னா அவன் பார்வை என் பக்கம் திரும்பும். நீங்க வாஷர்னு சொன்னதும் அவன் அனுப்பின ஆளோ, என்னச் சோதிக்கானோன்னுதான் அம்புட்டு தூரம் குடைஞ்சேன்.

— என்னையா? ஆண்டவரே! உங்க மகன் கையாளு நீங்கன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

— என் மக எதுக்கு இப்ப கத்தி கேட்டா?

— அவ கேக்கல. பழசு உடைஞ்ச அன்னைக்கு ரெண்டு துண்டையும் மடியில வச்சுக்கிட்டு அழுதா. எங்கப்பா கத்தி மாதிரி கையில நிக்காதும்பா. எப்பவும் அதே பேச்சு. தனியா ஒண்ணு கேட்டா மாட்டிக்கிடுவோம்னு நாங்கதான் எல்லாருக்குமா சேத்துக் கேக்கலாம்னு முடிவு பண்ணினோம். இடக்கைக்குச் சாணைய மறுபக்கம் மாத்திப் புடிக்கணும்னு அவளுக்குத் தெரியும். அதச் சொன்னா காட்டிக் குடுத்துரும், வலக்கைக் கத்தியவே வச்சுச் சமாளிச்சுக்கிறேன்னா.

— எப்படிச் சமாளிப்பா? சீவல் கோணிப் போகும். வழுக்கினா கைய அறுத்துரும். எம்புட்டு தடவ சொல்லியிருக்கேன்... நல்லா இருக்காளா?

— இருக்கா. கைப்பிள்ளைக்கு இப்பத்தான் பதினோரு மாசம்.

— பிள்ளையா? என்ன பிள்ளை... வேண்டாம். சொல்லாதீக.

— சொல்றேன் அண்ணாச்சி. ஊரும் சொல்றேன். இனி உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? அவ இப்ப...

— சொல்லாதீகன்னு சொல்லுதேன்ல! தெரிஞ்சா உளறிருவேன். அவன் ரெண்டு தடவ கேட்டா மூஞ்சியிலயே எழுதி ஒட்டின மாதிரி தெரிஞ்சிரும். எனக்குத் தெரியாம இருக்கிறதுதான் அவளுக்கு நல்லது.

— அப்ப கத்தி?

— பதினஞ்சு நாளு கழிச்சு நீங்களே வாங்க. அவளுது சாணை மாத்திப் புடிச்சு, கத்திக் கட்டுக்கு அடியில இருக்கும். கொம்புப் பிடி.

— வெளிய பைக் சத்தம் கேக்குது அண்ணாச்சி.

— அவந்தான். இன்னைக்குன்னு பாத்து சீக்கிரம் வாரான். அந்தத் தாள உலையில போடுங்க.

— இன்னும் அளவு எடுக்கலயே!

— அந்தக் கையோட அளவு எனக்குத் தெரியும். போடுங்க தாயி.

— போட்டுட்டேன்.

— மத்ததப் பரப்பி வைங்க. மூஞ்சியத் தொடைங்க.

— மொதல்ல நீங்க தொடைங்க.

— உலைப் புகைன்னு சொல்லிக்கிடுவேன்... வா வல்லரசு. இவிய சோழபுரம். பதினாறு கத்தி கேட்டு வந்திருக்காக.